கூப்பிடுவது கேட்கிறதா?

சுனாமி போய்ச் சில வருடங்கள் கழித்து, சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி எங்கள் கடற்கரை ஊரான இனயத்துக்கு வந்தார். மனநோயின் சாயல் யாரிடமாவது இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வெளிநாட்டில் எழுதிய கேள்வித்தாளைத் தமிழில் கொண்டுவந்திருந்தார். அது எங்கள் ஆட்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டுமாம். கேள்விகளை எங்கள் பேச்சில் விளக்கிச் சொல்ல, பள்ளிக்கூட டீச்சரான என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டார் எங்கள் மாதா கோயில் பங்குச்சாமியார். எனக்குச் சுள்ளென்று வந்தது. சனிக்கிழமை ஒன்றுதான் துணி துவைக்கக் கிடைக்கிற நாள்.

முந்தின நாள் தாளைப் படித்ததும் கோபம் போய்க் கிலி பிடித்தது. ஆள் இல்லாதபோது யாரோ உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்கிறதா என்று ஒரு கேள்வி. எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அலையில் போன என் அண்ணன், நான் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கொடியில் துணி விரிக்கும்போதும் பின்னால் நின்று கூப்பிடுவான். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சித்தி இப்படித்தான் குரல் கேட்கிறது என்று சொல்லி, திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எனக்கும் அதுதான் வருகிறது என்று முடிவே கட்டியிருந்தேன்.

மறுநாள் கோயிலை ஒட்டிய ஹாலில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கடைக்குள் நுழைந்தால் உங்களைப் பற்றிப் பேசுகிறார்களா என்று கேட்டேன். பேசாவிட்டால்தான் அதிசயம் என்று சிரித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒருவர் அருகில் இருப்பதாக உணர்ந்ததுண்டா என்றதற்கு, மீன் விற்கும் அக்கா ஒருத்தி என்னை முறைத்தாள். மாதா கூடவே இருக்கிறாள், இல்லையென்றால் நீ எதற்குப் பூசைக்கு வருகிறாய் என்று கேட்டேவிட்டாள். மாணவி தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தத் தாளின்படி பார்த்தால் ஊரே நோயாளி!

அடுத்தது அந்தக் கேள்வி. எப்படியோ வாசித்து முடித்தேன்.

கேட்கும் என்றாள் அதே அக்கா, சாதாரணமாக. கடலில் போன புருஷன் புறவாசலில் நின்று கூப்பிடுவானாம், மீன் வெட்டுகிறேன், கொஞ்சம் பொறு என்று இவள் பதில் சொல்வாளாம். பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். ஒருத்திக்கு மகள், ஒருத்திக்கு மாமியார்.

பயமாக இருக்காதா என்று மாணவி கேட்டார்.

"கூப்பிடாத நாளுதான் பயமாட்டு இருக்கும் மக்கா" என்றாள் அக்கா.

மாணவி என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு, டீச்சர்?"

ஆமாம் என்றேன். சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யாரும் திடுக்கிடவில்லை. அக்கா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். மீன் வாடை அடித்தது, அடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

எல்லாரும் போன பிறகு மாணவி என்னிடம் பொறுமையாகப் பேசினார். அண்ணன் கூப்பிடுவதையும் சித்தி ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் சொன்னேன். சித்திக்கு என்ன கேட்டது என்று விசாரித்தார். அவளுக்குக் கேட்ட குரல்கள் அவளைத் திட்டின, சோறு தின்னவிடவில்லை, தூங்கவிடவில்லை என்றேன். அது நோய், உங்கள் அண்ணன் கூப்பிடுவது அப்படியில்லை என்றார். கேட்பது உங்களைத் தொந்தரவு செய்கிறதா என்று ஒரு கேள்வியையும் தாளில் சேர்க்கப்போவதாகச் சொன்னார். அவருக்குப் பட்டம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். வருடக்கணக்காக என் நெஞ்சில் கிடந்த கல்லை எடுத்துப்போட்டவர் அவர்தான்.

அன்று சாயங்காலம் அடுக்களைக்குப் போய், அண்ணன் என்னைக் கூப்பிடுகிறான் என்று அம்மாவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி ஞாபகம் வந்து அலறப்போகிறாள் என்று நினைத்தேன். அம்மா அடுப்பைத் தணித்தாள்.

"ஒன்னையும் கூப்பிடுகானா, மக்களே?" என்றாள்.