உறைக்காரியின் வண்டி

தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்ட ஒருவர், அதற்குப் பிறகும் விட்டுக்கொடுக்காமல் நிற்கலாமா? கூடாது என்றுதான் நம்மில் பலரும் சொல்வோம். ஒப்புக்கொண்டவர் தலையைக் குனிய வேண்டும், கேட்டதைக் கொடுக்க வேண்டும், அதோடு பேச்சு முடிய வேண்டும். உறைக்காரி ஒப்புக்கொண்டாள். தலையைக் குனியவில்லை. அது நெஞ்சழுத்தமா நேர்மையா என்று அவளைத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள்.

திரைச்சீலையும் மெத்தை உறையும் தைப்பது அவள் தொழில். தெரு முனையில் குறுகலான கடை. உள்ளே போனால் துணிச்சுருள்களுக்கு நடுவில் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். எந்தப் பொருளையும் வெறுமனே பார்க்க அவளுக்குப் பொறுக்காது. குளிர்பெட்டியின் கைப்பிடிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, நாற்காலிக் கால்களுக்குக்கூடக் குட்டிக் குட்டி உறை. "கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தா போதும், எனக்கும் அளவெடுத்துடுவா" என்று அவள் கணவர் உயிரோடு இருந்தபோது வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். உறைக்காரி என்ற பெயரும் அவர் வைத்ததுதான். தெரு அதைப் பிடித்துக்கொண்டது.

வண்டி அவருடையது. திரைகளையும் கம்பிகளையும் வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டுவதற்கு வாங்கிய பழைய வேன். அவர் போன பிறகு எல்லோரும் அதை விற்றுவிடுவாள் என்று நினைத்தார்கள். அவளோ பின்னால் இருந்த அடுக்குகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பலகை போட்டு மெத்தை விரித்தாள். ஜன்னல்களுக்குத் திரை தைத்தாள். அடுப்பு ஒன்று, தண்ணீர்க் கேன்கள், மடக்கு நாற்காலி. கடையைச் சாத்திவிட்டு ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துப் போய்த் தங்கிவிட்டு வர ஆரம்பித்தாள். தனியாக.

அவள் தம்பிக்கு இது தொண்டையில் முள்ளாகக் குத்தியது. அவன் ஒரு தொழிற்சாலையின் ஊழியர் பேருந்தை ஓட்டுகிறவன். கெட்டவன் இல்லை. அக்கா தன் வீட்டின் பின்னறையில் வந்து இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். கேட்காமலேயே அந்த அறைக்கு இளம்பச்சை அடித்தான், தையல் மேசைக்கு ஜன்னலோரமாக இடம் ஒதுக்கினான். ஜன்னலுக்குத் திரையும் மாட்டியிருந்தான், கடையில் தொங்கவிட்டு விற்கிற ரெடிமேட் திரை. உறைக்காரி அதன் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். மடிப்பு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அப்படியே விட்டாள்.

கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். "ஒரே ஒரு தடவை நாங்களும் கூட வர்றோம். வண்டி ஒழுங்காப் போய் ஒழுங்காத் திரும்பினா நான் இனிமே வாயே தெறக்க மாட்டேன். நடுவுல நின்னுச்சுன்னா சாவியை என்கிட்ட குடுத்துடணும். வண்டியை வித்துட்டு நீ எங்க வீட்டுக்கு வந்துடணும். என்ன சொல்றே?"

உறைக்காரியின் உதட்டில் குண்டூசிகள் இருந்தன. அவற்றின் இடுக்கு வழியாக, "சரி" என்றாள்.

அப்படித்தான் மூன்று பேரும் கிளம்பினார்கள். தம்பி முன்னால், வண்டி ஓட்டும் அவள் பக்கத்தில், தம்பி மனைவி பின்னால் மெத்தையில். புல்வெளிகளுக்கு அப்பால் ஓர் ஏரி. தார்ச்சாலை முடிந்து மண்பாதை ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரப் புல், உச்சியில் பஞ்சு பஞ்சாக விதை. வண்டி போகிற காற்றுக்கு அது பறந்து கண்ணாடியில் ஒட்டியது.

"அழகா இருக்குல்ல அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

"மூக்குல போகாத வரைக்கும் அழகுதான்" என்றான் தம்பி.

முதலில் அவன்தான் பார்த்தான். மேடு ஏறும்போது வெப்பத்தைக் காட்டும் முள் மேலே போய்க்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள். முள் சிவப்பைத் தொட்டது. இருக்கைக்கு அடியில், இன்ஜின் இருந்த இடத்திலிருந்து பட்டென்று ஒரு சத்தம். பிறகு சீறல். வெள்ளை ஆவி இருக்கையின் இடுக்குகளில் புகுந்து மேலே வந்தது. அவள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"இறங்குங்க, இறங்குங்க" என்று கதவைத் திறந்துகொண்டு குதித்தான் தம்பி.

ஆவி அடங்கும் வரை மூன்று பேரும் புல்லுக்குள் நின்றார்கள். தம்பி கையைக் கட்டிக்கொண்டான். வண்டியின் பக்கம் போகவே இல்லை.

"என்னன்னு பாருங்களேன்" என்றாள் அவன் மனைவி.

"எங்க கம்பெனில டிரைவர் இன்ஜினைத் தொடக் கூடாது. நின்னா நிறுத்திட்டு போன் பண்ணணும். அவ்வளவுதான் வேலை."

"இது உங்க கம்பெனி பஸ் இல்லைங்க."

"பழக்கம் பழக்கம்தானே?"

"கல்யாணமான நாள்ல இருந்து வண்டி வண்டின்னு பேசுறீங்க. உள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன். தூரத்துல இருந்து."

சிக்னல் தேடிக் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் மேட்டின் உச்சிக்கு நடந்தான். அவன் முதுகில் கோபம் இல்லை. ஒரு நிம்மதி இருந்தது. அதைத்தான் உறைக்காரியால் பொறுக்க முடியவில்லை.

அவள் வண்டியின் முகப்புக்குப் போனாள். அங்கே அவள் கைவேலை இருந்தது. கிளம்புவதற்கு முந்தின வாரத்தில், பூச்சி அடித்து அசிங்கமாகிறதே என்று, காற்றுப் போகும் கம்பித் தடுப்புக்குக் கொசுவலைத் துணியில் ஓர் உறை தைத்து மாட்டியிருந்தாள். நெருக்கமான வலை, இரட்டைத் தையல், சுற்றிலும் எலாஸ்டிக். இப்போது வலை தெரியவில்லை. புல்லின் பஞ்சு அதன்மேல் அப்பி, தலையணை மாதிரி உப்பியிருந்தது. விரலால் குத்திப் பார்த்தாள். அந்தப் பக்கம் காற்று போக ஓர் ஊசித் துளை இல்லை.

மூச்சுவிட முடியாமல் இன்ஜின் கொதித்திருக்கிறது. கொதித்ததில் தண்ணீர்க் குழாய் வெடித்திருக்கிறது. வண்டியின் வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு சொடக்கில் அந்த உறையைக் கழற்றிப் புல்லுக்குள் எறிந்துவிடலாம். தம்பி மேட்டின் மேலே வானத்தைப் பார்த்து "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தான். அவன் மனைவி செருப்பிலிருந்து விதையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பழைய வண்டி, பழைய குழாய் என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அப்படிச் சொன்னால் வண்டியின் மேல் பழியைப் போட்ட மாதிரி ஆகும். வண்டி ஒரு தப்பும் செய்யவில்லை.

உறையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தம்பி இறங்கி வரும் வரை நின்றாள்.

"ஆள் கிடைச்சுட்டான்" என்றான் அவன். "இழுத்துட்டுப் போற வண்டி வருது. இந்தப் பாதை மெயின் ரோட்டுல போய்ச் சேர்ற இடம் வரைக்கும்தான் அவன் வருவானாம். மண்ணுக்குள்ள வந்தா அவன் வண்டி மாட்டிக்குமாம். அங்க இருந்து என்ன செய்றதுன்னு பாக்கலாம்."

"வண்டி மேல தப்பு இல்லைடா. நான்தான் கெடுத்தேன்" என்று உறையை நீட்டினாள்.

அவன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "வண்டிக்கு மூக்கை அடைச்சுட்டியா?"

"அடைச்சுட்டேன்."

"இவ்வளவு நல்லாத் தச்சு?"

"நல்லாத் தச்சதுதான் தப்பு. கிழிசல் இருந்தா காத்துப் போயிருக்கும்."

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பியின் சிரிப்பு மெல்ல அடங்கியது. குரல் தாழ்ந்தது.

"சரிக்கா. யார் தப்போ, வண்டி நின்னுடுச்சு. பேசினபடி நடக்கணும்ல?"

"ஆமா. நீ ஜெயிச்சுட்டே, நான் தோத்துட்டேன்."

"அப்ப சாவி?"

"தரமாட்டேன்."

அவன் சரியாகக் காதில் விழவில்லையோ என்பது போல மனைவியைப் பார்த்தான். அவள் புல்லைப் பார்த்தாள்.

"என்னக்கா இது? வாக்குக் குடுத்தே."

"குடுத்தேன். இப்ப மீறுறேன். வேணும்னா வீட்டுக்குப் போய் எல்லார்கிட்டயும் சொல்லு. அக்கா வாக்குத் தவறினவள்னு சொல்லு. நானும் ஆமான்னு சொல்றேன்."

"இப்படி ஒரு இடத்துல நீ தனியா நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சியா? நான் உன் நல்லதுக்குத்தானே..."

"தெரியும்டா. உன் நல்ல மனசு எனக்குத் தெரியும். அதை எதுத்துப் பேசறதுதான் கஷ்டம். கெட்டவனா இருந்தா எப்பவோ பேசி முடிச்சிருப்பேன்."

அவள் வண்டியின் பக்கம் திரும்பினாள். கதவைத் திறந்து இருக்கையைத் தூக்கி மடக்கினாள். அடியில் இன்ஜின் வெந்து கிடந்தது. கறுப்பு ரப்பர் குழாய் ஒன்று நீளவாக்கில் விரலளவு கிழிந்திருந்தது. கிழிசல் என்றால் அவளுக்குப் பயமில்லை. தன் படுக்கை ஜன்னலின் திரையைக் கழற்றினாள். வெயில் புகாமல் இருக்கப் பின்பக்கம் ரப்பர் பூச்சு உள்ள கனத்த துணி. கத்தரியை எடுத்து அதைப் பட்டை பட்டையாக வெட்டினாள்.

"அண்ணி, ஆசையாத் தச்ச திரையாச்சே" என்றாள் தம்பி மனைவி.

"துணிதானே. இந்த நுனியைப் பிடி. விடாதே."

முதல் முறை பட்டையை நேராகச் சுற்றி நூலால் கட்டினாள். தண்ணீர் ஊற்றி இன்ஜினைப் போட்டதும் சுற்றின் ஓரத்தில் பீறிட்டு அவள் மணிக்கட்டைச் சுட்டது. கையை உதறிவிட்டு எல்லாவற்றையும் பிரித்தாள். அடுத்த முறை சாய்வாக, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி சுற்றினாள். மெத்தை தைக்கிற மெழுகு நூலைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். தம்பி மனைவி முட்டிபோட்டு, முகமெல்லாம் கரியாக, ஒவ்வொரு முடிச்சுக்கும் விரல் கொடுத்தாள்.

தம்பி கொஞ்சம் தள்ளிக் கையைக் கட்டியபடியே நின்றான். அவள் தண்ணீர் ஊற்றி மூடியைத் திருகப்போகும்போது அவன் தொண்டையைச் செருமினான்.

"மூடியை முழுசா இறுக்காதே."

அவள் நிமிர்ந்தாள்.

"இறுக்கினா உள்ள அழுத்தம் ஏறும். மறுபடியும் புடுங்கிக்கும். பாதி திருகி விட்டுடு. அப்பப்போ நிறுத்தித் தண்ணி ஊத்திக்கலாம். எங்க மெக்கானிக் சொல்வார்." முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நான் ஒண்ணும் தொடலை. வாயால சொன்னேன்."

"உங்க கம்பெனிக்கு நாங்க சொல்ல மாட்டோம்" என்றாள் அவன் மனைவி.

வண்டி கிளம்பியது. நடக்கிற வேகத்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அவ்வப்போது நிறுத்தி, ஆவி போகவிட்டு, கேனிலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றும்போதெல்லாம் தம்பி எட்டிப் பார்த்தான். கட்டு நனைந்து சொட்டியது, ஆனால் அவிழவில்லை. முள் சிவப்புக்குக் கீழே நடுங்கிக்கொண்டு நின்றது. இந்த நேரம் முழுக்க யாரும் சாவியைப் பற்றிப் பேசவில்லை. சாவி வண்டியில்தான் செருகியிருந்தது, தம்பியின் கைக்கு எட்டும் தூரத்தில். அவன் அதைப் பார்த்தான் என்பதும் தொடவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

மண்பாதை மெயின் ரோட்டில் போய்ச் சேரும் இடத்தில் இழுவை வண்டிக்காரர் காத்திருந்தார். பல் குத்திக்கொண்டே வந்து இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"யாரும்மா கட்டினது?"

"நான்தான்."

"ஆஸ்பத்திரில வேலையா?"

"திரை தைக்கிறேன்."

"ம்" என்றார். அதற்குமேல் பாராட்டவில்லை. "இது ரொம்ப நேரம் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது. தார் ரோடுதான், வீட்டுக்குன்னா மெதுவாப் போய்ச் சேந்துடலாம், நான் பின்னாடியே வர்றேன். இல்லைன்னா இப்பவே ஏத்திக்கறேன். வண்டி யார் பேர்ல?"

தம்பி வாயைத் திறந்தான். பிறகு அக்காவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"என் பேர்ல" என்றாள் உறைக்காரி. "ஏரிக்கு எந்தப் பக்கம்?"

அவர் பல் குத்துவதை நிறுத்திவிட்டு மெயின் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கை காட்டினார். "அந்த மண்ரோடு. ஆனா அதுக்குள்ள நின்னா கூப்பிடாதீங்க. நான் வரமாட்டேன். வேற யாரும் வரமாட்டாங்க."

"தண்ணி இருக்குமா?"

"ஏரியில தண்ணி இல்லாம?"

அவள் அவருடைய வண்டியின் தண்ணீர் டேங்கிலிருந்து கேன்களை நிரப்பிக்கொண்டாள். தம்பி தன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இழுவை வண்டியின் ஏணிப்படி வரைக்கும் போனான். ஒரு காலை வைத்தான். அவன் மனைவி வேனின் முன்னிருக்கையில், அவன் இடத்தில், ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். அவன் திரும்பி வந்து பின்பக்கக் கதவைத் திறந்து, மெத்தையில் உட்கார்ந்து, வண்டியே குலுங்கும்படி கதவை அறைந்து சாத்தினான்.

வீட்டுக்குப் போகிற சாலை வழவழவென்று கிடந்தது. போயிருந்தால், ஓட்டி வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம், பந்தயத்தில் பாதியாவது அவள் பக்கம் நின்றிருக்கும். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. உறைக்காரி வண்டியை ஏரிப் பக்கம் திருப்பினாள். ஏன் என்று தம்பி அன்றைக்கும் கேட்டான், பிறகும் பல முறை கேட்டான். ஒவ்வொரு முறையும் அவள் கேட்டுக்கொண்டாள். பதில் சொன்னதே இல்லை.