சிமெண்டு மேடை

பன்னீர்செல்வம் போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையான பாம்பூஃப்ளாட்டில் ஒரு தனியார் மர மில்லில் ரம்பத்துக்குக் கட்டை தள்ளுகிறவன். 1968-இல் அவன் தோளில் பாஸ் கிட்டார் ஏறியது. போர்ட் பிளேரில் கப்பல் ஆபீஸ் கிளார்க் பரமசிவம் 'லைட்ஹவுஸ் பாய்ஸ்' என்று நாலு பேர் கொண்ட ராக் குழு ஒன்று தொடங்கியிருந்தான். கல்கத்தாவிலிருந்து வந்த அந்த நாலு கம்பி கிட்டாரை யாரும் தொடவில்லை. அதில் பாட்டு வராது. அடியில் ஓடும் தம் தம் சத்தம்தான் வரும்.

"உனக்குத்தான்டா கை அகலம். நீ பிடி," என்றான் பரமசிவம்.

பிடித்துக்கொண்டான். கிளப் விழா, கிறிஸ்துமஸ் டான்ஸ், வாந்தியெடுத்துக்கொண்டே கப்பலில் போய் வடகோடியில் இருக்கும் திக்லிபூரில் ஒரு கச்சேரி. ஜனங்களுக்குப் பாடுகிறவன் பெயர் தெரியும். பின்னால் டிரம்மை ஒட்டி நிற்கிறவன் பெயர் யாருக்கும் தெரியாது. அவனுக்கு அது போதுமாக இருந்தது.

மூன்றாம் வருஷம், தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது அவன் மனைவி நீலாவதியிடம், "மழை வருமா இன்னிக்கு?" என்று கேட்டான். அவள் கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். ரம்பம் அவன் காதைத் தின்றுவிட்டிருந்தது.

குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் தீவில் மண்டபம் என்றால் மரத்தளம்தான். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பான். டிரம் அடி பலகை வழியாக உள்ளங்காலுக்கு வரும். அதைப் பிடித்து வாசித்துவிடுவான்.

"அரே சாமியார், செருப்பு வாங்கித் தரட்டுமா?" என்பான் டிரம் முத்துமணி. உதட்டைப் பார்த்துப் பன்னீர்செல்வம் சிரிப்பான்.

1974 குடியரசு தின விழாவுக்கு மெட்ராஸ் கப்பலின் அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் நாலு பேருக்கும் கப்பலில் வாசிக்கும் வேலை. மில்லை விட்டுவிடலாம், மிச்சமிருக்கும் காதாவது தப்பும் என்று நீலாவதி கணக்குப் போட்டிருந்தாள்.

விழாவுக்கு முதல் நாள் அவள் மைதானத்துக்குப் போய்ப் பார்த்தாள். மேடையைப் புதிதாகச் சிமெண்டில் கட்டியிருந்தார்கள். ஸ்பீக்கர்களோ கம்பத்தின் உச்சியில்.

பன்னீர்செல்வம் மில்லிலிருந்து ஒரு படாக் பலகையைச் சுமந்து வந்தான். "படாக் மரம் பேசும், நீலா. இதுமேல நின்னுக்கறேன்."

"பாட்டு முடியறது எப்படித் தெரியும்?"

"நீ முன்னாடி உக்காரு. முடியப் போறப்ப எந்திரிச்சு நில்லு. நான் உன்னையே பாத்துக்கிட்டிருப்பேன்."

மறுநாள் சாயங்காலம் இரண்டாவது வரிசையில், ஆபீசர் மனைவிகளுக்கு நடுவில் அவள் உட்கார்ந்தாள். சிமெண்டின் மேல் அந்தப் பலகை அதிர்வு ஏறாமல் செத்துக் கிடந்தது. முதல் பாட்டிலேயே அவன் விரல்கள் தடுமாறுவதைக் கண்டாள். முத்துமணியின் கையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து எப்படியோ ஓட்டினான். கடைசிப் பாட்டின் கடைசி அடி வந்தது. சுற்றிலும் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பட்டுப்புடவைகள், பவுடர் வாசனை. எழுந்தால் எல்லாக் கண்ணும் தன் மேல் விழும் என்று நினைத்தாள். கால் எழவில்லை.

பாட்டு நின்றது. கிட்டார் நின்றது. டிரம் நின்றது. பன்னீர்செல்வம் மட்டும் அவளையே பார்த்தபடி வாசித்துக்கொண்டிருந்தான். தம், தம், தம். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு மைதானமே சிரித்தது. முத்துமணி எழுந்து வந்து கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினான். அதிகாரியும் சிரித்துக்கொண்டிருந்தார்.

மேடைக்குப் பின்னால் பரமசிவம், "க்யா ஹுவா தும்கோ? என்னடா ஆச்சு உனக்கு? காது செவிடாடா?" என்று கத்தினான். கோபத்தில் கேட்டதுதான். பன்னீர்செல்வம் அவன் உதட்டைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினான்.

மார்ச்சில் கப்பலில் மூன்று பேர் ஏறினார்கள். நாலாவது ஆள் மெட்ராஸில் கிடைத்தான்.

விழா நடந்த அன்று இரவு படகுத்துறைக்கு நடக்கும்போது பன்னீர்செல்வம் நின்று நீலாவதியின் முகத்தைப் பார்த்தான்.

"நீ எந்திரிச்சியா, நீலா?"

அவன் படிக்க வசதியாக அவள் உதட்டை நன்றாகத் திறந்து சொன்னாள். "எந்திரிச்சேன். நீங்கதான் பாக்கல."

"அப்ப கண்ணும் போகுது போல," என்றான்.

பலகையைத் தோளில் மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தான். திங்கட்கிழமை அதை மில்லில் திரும்ப வைக்கவேண்டும்.