செட்டுக்கார லோகநாயகி

லோகநாயகி வாயில் புழங்கிய இங்கிலீஷ் வார்த்தைகளில் பாதிக்கு மேல் ஒன்றே ஒன்றுதான். செட்டு. தயிர் உறையாவிட்டால் செட் ஆகலை. எதிர்வீட்டு மாமியாரும் மருமகளும் முறைத்துக்கொண்டால் அதுவும் செட் ஆகலை. சாயங்காலம் வாசலில் கூடிப் பேசும் பெண்கள் 'நம்ம செட்டு'. ஓணத்துக்குச் செங்கோட்டையில் எடுத்து வருவது செட்டு முண்டு. மச்சினர் தம்ளரில் கழற்றி வைப்பது பல்செட்டு. மகள் யோகலட்சுமி இன்ஜினியராக இருப்பது கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட்டு கம்பெனி.

"நீயும் செட்டு, நானும் செட்டு. ரெண்டு பேருக்கும் ஒரே தொழிலுதாம்ட்டி" என்பாள்.

அவள் தொழில், கல்யாணப் பெண்ணுக்குக் கவரிங் நகை செட்டு வாடகைக்கு விடுவது. தென்காசியில் கோயிலுக்குப் பின்னால் வீடு. வீட்டில் ஒரு பீரோ. அதுதான் கடை. முகூர்த்த செட்டு, ரிசப்ஷன் செட்டு, ஐந்தருவிப் பக்கம் போட்டோ எடுக்கப் போகும் ஜோடிகளுக்குச் சாரலில் நனைந்தாலும் கறுக்காத செட்டு.

எந்த செட்டும் அந்த வீட்டை விட்டுச் சும்மா வெளியேறாது. கொடுப்பதற்கு முன் நெற்றிச்சுட்டி முதல் ஒட்டியாணம் வரை அவளே பூட்டிக்கொண்டு வீட்டுவேலை செய்வாள். நைட்டிக்கு மேல் காசுமாலை, கையில் தேங்காய் நார். குனிந்தால் தோளில் வங்கி நழுவுகிறதா, நிமிர்ந்தால் கொக்கி குத்துகிறதா என்று பார்ப்பாள். புருஷனை இழந்தவள் மணப்பெண் நகையில் பாத்திரம் தேய்ப்பதைத் தெரு வாய் பிளந்து பார்த்தது.

"எனக்குப் புருசன் இருக்கானா இல்லையான்னு கொக்கிக்குத் தெரியுமா?" என்றாள். தெரு வாயை மூடிக்கொண்டது. அவள் செட்டு சபையில் கழன்றதாகப் பேச்சே இல்லை என்பதால் பெண் வீட்டார் வந்துகொண்டே இருந்தார்கள். செட்டைக் கையில் கொடுக்கும்போது அவள் சொல்வது எப்போதும் இதுதான்: "பாத்திரம் தேய்ச்சாச்சு. இனி தாலிதான் பாக்கி."

ஆவணி பிறந்ததும் ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் விசேஷம் கழிந்த மறுநாள், முப்பிடாதி தன் மகள் இசக்கிசெல்வியுடன் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரத் தயங்கினாள்.

"கேக்கவே கூசுது, தாயி. நாளைக்கழிச்சு கல்யாணம். முகூர்த்த செட்டு தாரேன்னு ஒங்கம்ம வாக்குக் குடுத்திருந்தா. நிச்சயத்தன்னைக்கு வேற எங்கனயோ வாங்கிப் போட்ட மாலை சபையில அந்துட்டு. மாப்பிள்ளையோட அத்தைமாரு பொறுக்கிக் குடுத்துட்டுச் சிரிக்காளுவ. அன்னையிலருந்து இவ கண்ணாடியே பாக்க மாட்டேங்கா."

இசக்கிசெல்வி யோகலட்சுமியை மட்டும் பார்த்தாள். "கழண்டுராதுல்லா, அக்கா?"

எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் யோகலட்சுமி பீரோவைத் திறந்தாள். கம்பெனியில், தண்ணீரில் ஓட்டிப் பார்க்காத பம்பு வெளியே போகாது. ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான்.

"சாயங்காலம் வாங்க அத்தே" என்றாள்.

துக்கத்துக்கு வந்து இன்னும் ஊர் திரும்பாத பேராச்சி சித்தி, அடுக்களைக்குள் நுழைந்ததும் மார்பில் கை வைத்தாள். நைட்டிக்கு மேல் முழு செட்டோடு அக்காள் மகள்.

"ஏட்டி, என்ன பண்ணுத? அம்ம போயி ஒரு மாசம் ஆவல. பாக்குதவுக என்ன சொல்லுவாவ?"

"கொக்கிக்குத் தெரியுமா சித்தி?"

சித்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "வாயி மட்டும் அப்படியே எங்கக்காதான். ஒனக்குன்னு ஒருத்தன் செட் ஆவதுக்கு முன்னால இந்தக் கோலம். தம்ளரத் தேய்ச்சா என்ன தெரியும்? அந்த இட்லிக் கொப்பரைய எடு. அடியெல்லாம் கரி. அவ அதத்தான் எடுப்பா."

கொப்பரைக்குள் தலையை விட்டுத் தேய்த்தபோது ஒட்டியாணம் 'டக்' என்றது. திருகாணி தெறித்துச் சாக்கடைக் குழியில் விழுந்தது. சபையில் விழுந்திருக்க வேண்டியது. வேறு திருகாணி மாட்டினாள். காசுமாலை பின்கழுத்தில் குத்தியது. கழற்றிப் பார்த்தாள். கொக்கியில் ஒரு நரைமுடி சிக்கியிருந்தது.

அதை எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கரிக்கையோடு நின்றாள். சித்தி அடுப்பில் பாலை வைத்தாள்.

அப்புறம் குறடால் கொக்கியை உள்ளே வளைத்து, மறுபடி பூட்டிக்கொண்டு, மிச்சப் பாத்திரத்தையும் தேய்த்தாள். வீட்டைப் பெருக்கினாள். எதுவும் அசையவில்லை.

சாயங்காலம் முப்பிடாதி பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இசக்கிசெல்வி வாயைத் திறக்குமுன் யோகலட்சுமி சொன்னாள்: "பாத்திரம் தேய்ச்சாச்சு."

மற்றதைச் சொல்வதற்குப் பதில் பெட்டி மூடியை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

மூத்தவள் கல்யாணத்துக்கும் அங்கே செட்டு எடுத்தவள் முப்பிடாதி. "இனி தாலிதான் பாக்கி. அதான தாயி?" என்றாள். இசக்கிசெல்வி முதல் தடவையாகச் சிரித்தாள். ஆட்டோ கிளம்பியது.

யோகலட்சுமி உள்ளே திரும்பினாள். பின்னாலிருந்து சித்தி கத்தினாள்.

"ஏட்டி! கொண்டையில ராக்கொடி கெடக்கு!"

கொக்கியையும் திருகாணியையும் பார்த்தவள் தலைக்குப் பின்னால் தடவிப் பார்க்கவில்லை. பிடுங்கியதில் நாலு முடியும் கூட வந்தது. நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், பிறந்த தெருவில் அவள் ஓடினாள். வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவின் செட்டு மொத்தமும் எழுந்து நின்று பார்த்தது.

"முப்பிடாதி அத்தே! நில்லுங்க! செட்டு கொறையுது!"