பாலத்துக்கு எதிராக அண்ணன் போட்ட ஓட்டு

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில் எங்கள் இல்லம் வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணனுடைய நற்குணங்களை இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். என்னிடம் அண்ணி, "நீங்க கூடப் பொறந்தவங்க, உள்ளத எழுதுங்க அம்மணி" என்றார். உள்ளதை எழுதினால் பாதி சண்டையாகத்தான் இருக்கும் என்றேன். "இருக்கட்டுமுங்க" என்று தாளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

பெருந்துறைக்குத் தெற்கே நொய்யலின் வடகரைச் சிற்றூர் ஒன்றில் அண்ணன் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பதினேழு வயது. கோயமுத்தூரில் படித்துக்கொண்டிருந்தவர் படிப்பை விட்டுவிட்டு வந்து ஏர் பிடித்தார். அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். ஆற்றின் தென்கரையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவருக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார். இதையெல்லாம் நான் மறந்தவள் அல்ல.

சுற்றுவட்டாரத்தார் வற்புறுத்தவே தேர்தலில் நின்றார். வென்று சட்டசபைக்குப் போனார். முதல் ஆண்டிலேயே சென்னையில் விஷ சுரம் கண்டு படுத்துவிட்டார். உறவென்று அங்கே யாரும் இல்லை. கட்சிக்காரர்கள்தான் முறை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்கள். கட்சித் தலைவர் வீட்டு அம்மாள் தினமும் கஞ்சி வைத்து அனுப்பினாராம். பிழைத்து ஊர் வந்தவர், "இனி இந்த உசுரு கட்சிக்குத்தான் அம்மணி" என்றார். ஏதோ நன்றியில் சொல்கிறார் என்று நினைத்தேன். எழுத்துக்கு எழுத்து அப்படியே நடந்துகொள்வார் என்று யார் கண்டது?

மூன்று முறை உறுப்பினராக இருந்தார். அந்தச் சுரத்துக்குப் பிறகு ஒரு கூட்டத்துக்கும் போகாமல் இருந்ததில்லை. யாரிடமும் ஒரு தேங்காய்கூட வாங்கியதில்லை. ரயிலில் மூன்றாம் வகுப்பில் தன் படுக்கையைத் தானே தூக்கிக்கொண்டு போவார். ஆனால் சபையில் கை தூக்குவது மட்டும் அவர் கையில் இல்லை. சபை நடவடிக்கைகளை அச்சிட்ட ஆங்கிலப் புத்தகங்களை அண்ணி கட்டிக் கட்டி வைத்திருந்தார். சென்ற மாதம் என் கணவர் அவற்றைப் பிரித்து, எந்த மசோதாவுக்கு யார் எப்படி ஓட்டளித்தார்கள் என்று எனக்கு வாசித்துச் சொன்னார். கட்சி இருந்த பக்கத்தில் அண்ணன் பெயர் இல்லாத ஏடே கிடையாது. ஒரே மசோதாவை ஒரு வருடம் ஆதரித்திருக்கிறார். கட்சி மனம் மாறியதும் அடுத்த வருடம் எதிர்த்திருக்கிறார். வாசிக்க வாசிக்க என் கணவருக்குச் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் இரண்டாம் முறை உறுப்பினராக இருந்தபோது ஓர் ஐப்பசியில் அம்மா இறந்தார். ஆற்றில் வெள்ளம். பரிசல்காரர் இறங்க முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். பாலம் உள்ள இடத்துக்குச் சுற்றிப் போக ஒரு நாள் ஆகும். பெற்ற தாயின் பாடை அக்கரையில் சுடுகாட்டுக்குப் போவதை இக்கரையில் நின்று பார்த்தேன். சத்தம் போட்டு அழுதேன். தண்ணீர் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை.

அண்ணன் நொறுங்கிப் போனார். கருமாதி முடிந்ததும் இரு கரையிலும் ஊர் ஊராக நடந்து, பாலம் வேண்டுமென்று மனுவில் கையெழுத்து வாங்கினார். எழுதத் தெரியாதவர்களுக்கு விரலில் மை தடவி விட்டவரும் அவரே. கட்சி மேலிடம் மனுவை வாங்கி வைத்துக்கொண்டது. இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மேட்டுப்பாளையத்துக்காரரான எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அதே இடத்தில் பாலம் கட்டத் தீர்மானம் கொண்டுவந்தார். எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஊரே பத்திரிகைக்காகக் காத்திருந்தது.

ஒரே ஓட்டில் தீர்மானம் தோற்றது. எதிர்த்தவர்களில் அண்ணனும் ஒருவர்.

அவர் ஊர் திரும்பிய அன்றே பரிசல் ஏறிப் போனேன். வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"ஏனுங்ணா, அந்தப் பாலத்தக் கேட்டது நீங்கதான? நீங்களே வேண்டாம்னு போட்டுட்டு வந்தீங்களா?"

"வேண்டாம்னு யாரு சொன்னா? அவங்க கொண்டாந்தத ஆதரிக்கக் கூடாதுன்னு கட்சி சொல்லிப்போடுச்சு. அடுத்த கூட்டத்துல நாமளே கொண்டாரலாம்னு சொல்லியிருக்காங்க அம்மணி."

"அம்மாவ அக்கரையில நின்னு பார்த்தவ நானுங்ணா. உங்க கட்சிக்காரங்க இல்ல."

அவர் தலை கவிழ்ந்தார். "நா ஒருத்தன் பிரிஞ்சா நாளைக்கு ஆளாளுக்குப் பிரிவாங்க" என்றார் மெதுவாக. அவர் கண்ணில் நீர் இருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன். இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை. அந்த அடுத்த கூட்டம் வந்தது, போனது. கட்சி பாலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பின்னர் வந்த தேர்தலில் கட்சி அண்ணனை ஒதுக்கிவிட்டு, எங்கள் பக்கமே வந்திராத ஒருவரை நிறுத்தியது. இனியாவது விழித்துக்கொள்வார் என்று பார்த்தால், அந்த மனிதருக்காக வேகாத வெய்யிலில் வீடு வீடாக ஓட்டுக் கேட்கக் கிளம்பிவிட்டார்! எங்கள் ஊருக்கும் வந்தார். "ஏனுங்க, உங்களுக்கே சீட்டு இல்லீன்னு சொல்லிப்போட்டாங்க. நீங்க எதுக்குங்க அலையறீங்க?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். "ஆளா முக்கியம்? கட்சிதானுங்க" என்றார் அண்ணன். அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓடிப்போய்த் தாங்கியது நான்தான். அதோடு எங்கள் பேசாமை முடிந்தது.

அதற்குப் பின் நான்கு மாதம் படுக்கையில் இருந்தார். அவர் ஓட்டுக் கேட்ட ஆள் வென்றார். ஒரு பிற்பகல், கஞ்சி ஊட்டும்போது மனசு பொறுக்காமல் கேட்டேன்: "இன்னொருக்கா அந்தத் தீர்மானம் வந்தா என்னங்ணா பண்ணுவீங்க?"

வாயிலிருந்த கஞ்சியை விழுங்கினார். "கட்சி என்ன சொல்லுதுன்னு பார்க்கோணும் அம்மணி" என்றார்.

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். பிறகு கிண்ணத்தில் மிச்சமிருந்ததையும் ஊட்டினேன். மறு வாரம் போய்விட்டார்.

ஈரோட்டிலிருந்து அழைத்த போதெல்லாம் வந்து பார்த்த டாக்டருக்கும், கூடவே இருந்த பங்காளிகளுக்கும், வெய்யில் பாராமல் பந்தல் போட்ட ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கட்சியிலிருந்து ஒரு தந்தி வந்தது. அண்ணன் பெயரைத் தவறாக அடித்திருந்தார்கள். அதற்கும் நன்றி. அந்த மேட்டுப்பாளையத்துக்காரர் யாரும் சொல்லி அனுப்பாமலே பஸ் பிடித்து வந்தார். "பாலத் தீர்மானம் தோத்த அன்னிக்கு வெளிய வந்து என் கையப் புடிச்சுட்டு அழுதாருங்க. சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு" என்று என்னிடம் சொன்னார். அவருக்கு என் தனிப்பட்ட நன்றி. இதை அன்றே அறிந்திருந்தால் அந்த இரண்டு வருடம் பேசாமல் இருந்திருக்க மாட்டேன். இன்னும் அதிகமாகச் சண்டை போட்டிருப்பேன்.

போன வாரம் அந்தப் புது உறுப்பினர் எதையோ எதிர்த்து ஓட்டுப் போட்டதாகப் பத்திரிகையில் வந்தது. "இவருக்காகவா அலைஞ்சீங்க?" என்று அண்ணனிடம் கேட்டே தீர்வதென்று பத்திரிகையை மடித்துக்கொண்டு புறப்பட்டேன். எங்கே போகிறாய் என்று என் கணவர் கேட்டபோதுதான் நின்றேன்.