சமையற்காரனுக்குக் கொடுத்த கோட்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தேதி, நேரம், ஆட்கள் எல்லாவற்றுக்கும் நானே சாட்சி. பேய் என்று யாராவது வாயெடுத்தால் விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள் நான். 1984இல் ஷெல்லுக்கும் துவக்குக்கும் தப்பி வந்தவனை எந்தப் பேய் என்ன செய்யும் என்று வாய்கிழியப் பேசியவன். இப்போது பேசுவதில்லை. நம்பாதவர்கள் திட்டிவிட்டுப் போகலாம், எனக்குக் கோபமில்லை.

1988 ஏப்ரல் 16, சனிக்கிழமை. இடம், லண்டன் ஸ்ட்ரெதம். பட்டப்பகல்.

அப்போது நானும் யோகண்ணையும் லூயிஷாமில் ஒரே அறையில் இருந்தோம். யோகராஜா என் பெரியம்மாவின் மகன். என்னை லண்டனுக்குக் கூப்பிட்டவர். வந்த முதல் மாதம் தன் கட்டிலை எனக்குத் தந்துவிட்டு நிலத்தில் படுத்தவர். இருவரும் சேர்ந்து வீடுகளுக்குப் போய் விருந்துச் சமையல் செய்தோம். நான் சமைப்பேன், அவர் பரிமாறுவார். இரண்டு பேரில் யார் முதலாளி என்ற சண்டை மட்டும் தீரவே இல்லை. அன்று காலை பஸ்ஸிலும் அதே சண்டைதான்.

"நான் இல்லாட்டி நீ இப்பவும் எங்கையோ கோழி உரிச்சுக்கொண்டு கிடப்பாய்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனால் அது கொல்கிற கோபம் இல்லை. இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். மற்றதை நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

இந்த வேலையைப் பிடித்துத் தந்தவர் பெனடிக்ற் அண்ணை. யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர், பழைய சமையற்காரர். ஆறு வருடம் அந்த வீட்டு விருந்தை அவர்தான் சமைத்தார். அந்த வருடம் முதுகு பிடித்துக்கொண்டதால் எங்களை அனுப்பினார்.

வீட்டுக்காரர் பெயர் மிஸ்டர் ரெண்டல். எண்பது வயது, ஆறடி உயரம். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே கடலில் கிடக்கிற ஓர்க்னித் தீவுகளில் பிறந்தவர். ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் அந்தத் தீவுக்காரர் பதினொரு பேரைக் கூப்பிட்டு மதியச் சாப்பாடு கொடுப்பார். சாப்பாட்டுக்கு நடுவே எழுந்து நின்று தீவுகளின் சரித்திரம் பேசுவார். தட்டு எடுக்க வந்த யோகண்ணை எனக்குச் சுருக்கிச் சொன்னார்.

"ஏர்ல் எண்டு ஒரு பட்டமாம். நோர்வே ராசா குடுத்தது. அண்ணன் தம்பி, பெரியப்பா மகன், சித்தப்பா மகன் எண்டு ரெண்டு மூண்டு பேர் ஒரே நேரத்திலை ஏர்ல். பிறகு ஆளையாள் வெட்டிக்கொண்டதுதானாம். கடைசியிலை ஸ்கொட்லாந்துக்காரரிட்டைப் போச்சாம்."

"எங்களை மாதிரி" என்றேன்.

"போடா விசரா." சிரித்துக்கொண்டு போனார்.

3.20க்கு மணி அடித்தது. சமையற்காரனைக் கூப்பிடுகிறார்கள் என்றார் யோகண்ணை. கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

மிஸ்டர் ரெண்டல் மேசையின் தலைமாட்டில் நின்றார். தன் பழுப்பு நிறக் கோட்டைக் கழற்றினார். என் முன்னால் நீட்டினார். எல்லோரும் சிரிக்கத் தயாராக என்னையே பார்த்தார்கள்.

வயதானவர் ஒரு பொருளை நீட்டினால் நாங்கள் என்ன செய்வோம்? குனிந்து, இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒரு பெண் கையிலிருந்த கிளாஸை மெதுவாக மேசையில் வைத்தாள். மிஸ்டர் ரெண்டலின் முகம் வெளிறியது. கோட்டைத் திருப்பி வாங்கக் கை நீட்டினார். பிறகு தொடப் பயந்தவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் வீடு வெறுமையானது. புடிங்கை ஒருவரும் தொடவில்லை. கிழவர் மாடிக்குப் போனார். உள்ளே பூட்டுகிற சத்தம் கீழே கேட்டது. டக்.

நேரம் 3.41. சமையல் நடந்த குசினிக்குத் திரும்பினேன். பின்கதவு திறந்து கிடந்தது. வெளியே தூறல். குளிர் தாங்காமல் கோட்டை மாட்டினேன்.

அளவு சரியாக இருந்தது. அவர் ஆறடி. நான் ஐந்தடி நாலு அங்குலம். கை நீளம்கூடச் சரி.

உள்துணி ஈரமாக இருந்தது. கடற்பாசி மணத்தது.

பிறகு என் கன்னம் நனைந்தது. தொட்டுப் பார்த்தேன். கண்ணீர்... நான் அழவில்லை. வெங்காயம் வெட்டி முடிந்து நாலு மணித்தியாலம்.

3.52. வெளியே சத்தம். சரக்... சரக்... சரக்... கூழாங்கல்லில் பலர் நடக்கிற சத்தம். அந்த வீட்டுத் தோட்டத்தில் கல்லே இல்லை. வெறும் புல்.

எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஆனால் புல் அமுங்கியது. ஒரு அடி. இன்னொரு அடி. குசினியை நோக்கி...

சத்தம் வாசலில் நின்றது.

கோட்டைக் கழற்றப் பார்த்தேன். இடது கை மட்டும் பொத்தானுக்குப் போனது. வலது கை வரவில்லை. குனிந்து பார்த்தேன். அதில் இறைச்சி வெட்டுகிற பெரிய கத்தி இருந்தது. நான் எடுக்கவில்லை.

4.03. யோகண்ணை தட்டுகளோடு வந்தார். ஒரு கரண்டி விழுந்தது. டிங். எடுக்க முழங்காலில் இருந்தார். பிடரி என் பக்கம்.

என் காதுக்குப் பின்னால் ஒரு குரல். அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் விளங்கியது.

வெட்டு.

"ஏலாது" என்றேன். "என்ரை அண்ணை..."

என் பிடரியில் மூச்சு. ஒரு ஆளின் மூச்சு இல்லை. பலரின் மூச்சு.

வெட்டு.

கை உயர்ந்தது...

அப்போது யோகண்ணை பேசினார். திரும்பவில்லை. வாய் அவருடையது. குரல் அவருடையது இல்லை.

"பின்னாலை நிண்டு வெட்டாதை. நான் கள்ளன் இல்லை. முன்னாலை வா. நெத்தியிலை போடு."

என் கால் நடந்தது.

முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் பயமே இல்லை. கண்ணை மூடினார்.

போட்டேன்.

தேங்காய் பிளக்கிற சத்தம்.

சூடாக ஏதோ என் உதட்டில் தெறித்தது. உப்பு...

"டேய்!"

மணி 4.03.

யோகண்ணை தொட்டியடியில் நின்று தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். கத்தி நிலப்பலகையில் மூன்று விரல் ஆழத்துக்கு ஏறி நின்றது. இரத்தம் ஒரு துளி இல்லை.

"ஏன்டா அழுறாய்? காலமை பஸ்ஸிலை சொன்னதுக்கோ?"

ஓடிப்போய் அவருடைய தலையைப் பிடித்தேன். நெற்றியை இரண்டு கையாலும் தடவினேன். வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. குழந்தைப்பிள்ளை மாதிரி ஓவென்று அழுதேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அவரை இழுத்துக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். தான் வாயே திறக்கவில்லை என்றார்.

மறுநாள் பெனடிக்ற் அண்ணையிடம் போனேன். படுத்திருந்தவர் முதுகு வலியையும் மறந்து எழும்பி இருந்தார்.

"கோட்டை வாங்கினியோ?"

"ஓம்."

"ரெண்டு கையாலையுமோ?"

"ஓம் அண்ணை."

சிலுவைக் குறி போட்டார்.

"வருசா வருசம் விளையாட்டுக்கு நீட்டுறது. வேண்டாம் எண்டு மூண்டு தரம் சொல்லோணும், தம்பி. சொன்னால் அதுகள் சிரிச்சுக் கை தட்டும், அவ்வளவுதான். உனக்குச் சொல்ல மறந்துபோனன்."

பிறகு கதையைச் சொன்னார். எண்ணூறு வருடத்துக்கும் முந்திய கதை. பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே ஏர்ல் பட்டத்தைப் பங்குபோட்டு ஆண்டார்களாம். சமாதானம் பேசவென்று ஒரு சின்னத் தீவில் சந்தித்தார்கள். ஒருவர் சொன்னபடி இரண்டு கப்பலில் வந்தார். மற்றவர் எட்டுக் கப்பலில் வந்தார். பட்டத்துக்கு ஒரு ஆள்தான், மற்றவர் சாக வேண்டும் என்று முடிவானது. கொடி பிடிக்கிறவனை வெட்டச் சொன்னார்கள். அவன் மறுத்துவிட்டான். கடைசியில் சமையற்காரனைப் பிடித்தார்கள். அவன் அழுதான். சாகப் போகிறவரே அவனைத் தேற்றி, கள்ளனை வெட்டுவதுபோல் வெட்டாதே, முன்னால் நின்று தலையில் போடு என்றாராம்.

"வெட்டுறவனுக்குத்தான் செத்தவன்ரை உடுப்பு" என்றார் பெனடிக்ற் அண்ணை. "அதுதான் அந்தக் காலத்து வழமை. நீ உடுப்பை முதலே வாங்கிப்போட்டாய்."

திங்கட்கிழமையிலிருந்து யோகண்ணைதான் முதலாளி. நானே சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் முன் நான் குரல் உயர்த்தியதில்லை. அவர் தப்பினாரே, அதுவே போதும் என்று இருந்தேன். ஐந்து வருடம் அப்படித்தான் இருந்தேன்.

1993 நவம்பரில் யோகண்ணைக்கு விடாத தலையிடி. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு கேட்டார், கோடாரியால் வெட்டியது யார் என்று.

யோகண்ணை சிரித்தார். தனக்கு ஒரு நாளும் தலையில் அடிபட்டதில்லை என்றார்.

டொக்டர் விரலால் காட்டினார். மயிர் தொடங்குகிற இடத்திலிருந்து புருவம் வரைக்கும் எலும்பில் நேரான ஒரு பிளவு. பொருந்தி மூடியிருந்தது. நாலைந்து வருடம் ஆகியிருக்கும் என்றார். தோலில் ஏன் தழும்பு இல்லை என்று தனக்கு விளங்கவில்லை என்றார். இன்னொன்றும் விளங்கவில்லையாம். இப்படி ஒரு வெட்டு வாங்கியவன் விழுந்த இடத்திலேயே முடிந்திருப்பான் என்றார்.

வெளியே வந்தோம். 11.25. யோகண்ணை நெற்றியைத் தடவிக்கொண்டே நடந்தார். விரல் விட்டு வருடங்களை எண்ணினார். பிறகு நின்றார்.

"டேய்... நான் அண்டைக்குச் செத்தனானோ?"

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். கை சூடாகத்தான் இருந்தது.