அரிசிப் பையில் ஒரு முகம்

மானாம்பதிப் பக்கம் நடவு நட்டுக்கொண்டிருந்த ஓர் அக்காவை வரப்பில் உட்கார்ந்து வரைந்தேன். பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார் நான். விடுமுறை நாளிலும் கை சும்மா இருக்காது. அவர் நிமிர்ந்து முழங்கையால் நெற்றியைத் துடைத்தபோது தாளில் பிடித்த முகம் அது. படத்தைக் காட்டினேன், சிரித்தார். அந்தச் சிரிப்பையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், மடையன்.

வாலாஜாபாத் அரிசி ஆலைக்காரர் ஒருவர் படத்தை வாங்கினார். முழு உரிமையும் அவருக்கே என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். சில மாதங்களில் கடைக்குக் கடை அந்த அக்கா முகம் அச்சடித்த பைகள் அடுக்கிக் கிடந்தன. பார்த்தவர்களிடமெல்லாம் "நான் வரைந்தது" என்று பீற்றிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் அரிசி தீர்ந்ததும் பையை யாரும் எறிவதில்லை. ஆட்டுக்குத் தழை அள்ளிவர உதவும், குளிக்கிற இடத்துக்கு மறைப்பாகும், கடைசியில் வாசற்படியில் மிதியடியாகக் கிடக்கும். தினம் பார்ப்பதுதான், எனக்கு உறைக்கவில்லை.

ஒரு காலை அந்த அக்கா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். கையில் சேறு அப்பிய பை.

"என் பொண்ண குடுத்த வூட்ல இத்த வாசப்படில போட்டுகீறாங்க சார். மாமியாகாரி மிதிச்சிக்கினு வரா. என் பொண்ணு தாண்டித் தாண்டிப் போய்க்கினுகீறா. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"படம் என்னுதுதாங்கா. உரிமைய ஆலைக்காரருக்கு எழுதிக் குடுத்துட்டேன்" என்று உளறினேன்.

"படம் உங்களுது. மூஞ்சி யாருது?"

அன்று பாடம் நடத்த முடியவில்லை. பாதி நாள் லீவு போட்டுவிட்டு வாலாஜாபாத்துக்குப் பஸ் ஏறினேன். உட்காரவும் முடியவில்லை, சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

அந்த முகத்தைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டதும், ஆலைக்காரர் நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். அப்புறம் அவரே இறங்கி வந்தார்.

"பேஜாரு வேணாம் வாத்தியாரே. அடுத்த தடவ மாத்திக்கலாம். வேற மூஞ்சி வரைஞ்சி குடுங்க. உங்க அம்மாவயே வரைங்களேன், யாரு சண்டைக்கு வரப் போறா?"

"அதெல்லாம் முடியாது!" கத்தியே விட்டேன்.

அவர் ஒரு மாதிரி பார்த்தார். நெற்கதிர் ஒன்றை வரைந்து கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பழைய பைகள் இன்னும் எத்தனையோ வாசலில் கிடக்கின்றன. அம்மாவுக்காக யோசிக்காமல் வந்த அந்த 'முடியாது', அந்த அக்காவுக்காக ஒரு நாளும் என் வாயில் வரவில்லை.