நல்ல படகு புதுசா வந்தவருக்கு

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கார் நின்றதே கிடையாது. கார் வெயிலிலும் மழையிலும் தெருவில் கிடக்கும். ஷெட்டுச் சுவரில் நாலு கயாக் படகு ராஜா மாதிரி தொங்கும். சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, 'போட்' வீடு எது என்று கேட்டால் எல்லோரும் கை காட்டுவார்கள். கல்யாணமான புதிதில் எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது அந்தப் பேரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்களை வரைகிற வேலையில் இருந்தார். படிக்கிற காலத்தில் குடகுப் பக்கம் போய், பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு இறங்குகிற ஆற்றில் படகு விட்டுப் பழகி, பைத்தியம் பிடித்துத் திரும்பி வந்தவர். தாம்பரத்தில் அப்படி ஆறு ஏது? மழைக்காலத்தில் லீவு போட்டுக் கர்நாடகா ஓடுவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் படகைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு கோவளத்துக்குப் போவோம். இடுப்பைச் சுற்றி ரப்பர் பாவாடை ஒன்றை மாட்டிக்கொண்டு, அதன் விளிம்பைப் படகின் வாயில் இழுத்துப் பொருத்திக்கொள்வார், தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க. கரையில் வலை பிரிக்கிற மீனவர்களுக்கு அது சினிமா. "இன்னா சார், பொம்பள பாவாடைய கட்டிகினு கீறே? இதுல ஒரு கூடை மீன் வைக்க எடம் கீதா?" என்று ஒருத்தர் கேட்பார். இவரும் சிரிப்பார்.

சாப்பிட உட்கார்ந்தால் படகுப் புராணம்தான். ஆதியில் மரச்சட்டத்தின்மேல் துணியும் ரப்பரும் இழுத்துக் கட்டியிருந்தார்களாம். மடித்து ரயிலில் கொண்டுபோகலாம், ஆனால் பாறை பட்டால் கிழியும். பிறகு ஃபைபர் வந்தது. நீளமான உடம்பு, ஊசி மூக்கு, தட்டை முதுகு. தொங்குகிற கம்புகளுக்கு அடியில் நுழைந்து போகிற பந்தயத்துக்காகச் செய்தது அது. கம்பைத் தொடாமல் நழுவ வேண்டும் என்பதற்காக முனைகளை ஒட்ட ஒட்ட மெலிய வைத்தார்கள். உட்காருகிற வாய் இடுப்பளவுதான். பின்னால் நகர்ந்து உடம்பை உருவினால்தான் கால் வெளியே வரும். அடுத்தது பிளாஸ்டிக், மோதினால் நசுங்கும், உடையாது. அப்புறம் நீளம் குறைந்து, அடிப்பாகம் தட்டையாகி, ஒரே அலையின்மேல் நின்று சுற்றி விளையாடுகிற குட்டைப் படகு வந்தது. கடைசியாக வந்தது மூக்கு மழுங்கி, மேலே வளைந்து, வயிறு பெருத்த படகு. எவ்வளவு அமுக்கினாலும் மேலே வரும். வாயும் பெரிது, கவிழ்ந்தால் முழங்காலைத் தூக்கி வெளியே வந்துவிடலாம். முட்டிபோட்டு ஒற்றைத் துடுப்பால் ஓட்டுகிற கனோவும் இதே வழியில்தான் நீளம் குறைந்து வந்ததாம். எங்கள் சுவரில் ஃபைபரிலிருந்து மழுங்கல் வரைக்கும் வரிசையாகத் தொங்கும்.

எனக்குப் பிடித்தது அந்த மழுங்கல் மூக்குதான். பார்க்கச் சகிக்காது, போகட்டும். அவருக்கு உயிர் அந்த ஃபைபர் படகு. "இதுக்குப் பேர்தான் டிசைன். மத்ததெல்லாம் பக்கெட்டு" என்பார்.

ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டேன். "சரி, அவ்ளோ அழகா இருந்த மூக்கை ஏன் மழுக்கினாங்க?"

"கூர் மூக்கு பாறை இடுக்குல சொருகிக்கும். பின்னாடி வர்ற தண்ணி தள்ளிக்கிட்டே இருக்கும். அசைய முடியாது."

"வாயை ஏன் பெரிசாக்கினாங்க?"

"அதுக்குத்தான். சொருகினவன் கால உருவ முடியாம மாட்டிக்குவான்."

"அப்போ ஒவ்வொரு மாத்தத்துக்கும் முன்னாடி யாரோ செத்திருக்காங்க."

"செத்தாங்கதான். ரசம் ஊத்து."

ஊற்றினேன். வேறென்ன செய்வது?

அவரோடு படகு ஓட்டுகிறவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆற்றுக்குப் போனாலும் இருக்கிற படகுகளில் நல்லது, பத்திரமானது, புதுசாக வந்தவருக்கு. மோசமானது, அடங்காதது, கூட்டத்தில் யார் நன்றாக ஓட்டுகிறாரோ அவருக்கு. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். கத்துக்குட்டியை ஊசி மூக்கில் உட்கார வைக்க முடியுமா? நானே பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில் நன்றாக ஓட்டுகிறவர் எப்போதும் இவர்தான் என்பதும், அதனால் மோசமான படகு எப்போதும் இவருக்குத்தான் என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு வருஷம் அடையாற்றில் வெள்ளம் வந்து முடிச்சூர்ப் பக்கம் தெருவெல்லாம் மூழ்கியது. தரைத்தள வீடுகளில் தண்ணீர் ஜன்னலுக்கு மேல். மாடியில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பாலும் மாத்திரையும் கொண்டுபோக ஆள் வேண்டும் என்று காலையில் போன் வந்தது. இவரும், இவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரும் கிளம்பினார்கள். நண்பர் அப்போதுதான் படகு பழகியவர். என்னை அண்ணி என்பார். மழுங்கல் மூக்கை அவருக்குக் கொடுத்துவிட்டு இவர் ஃபைபரை இறக்கினார். "இன்னைக்காவது அதை விட்டுத் தொலைங்க, பிளாஸ்டிக்ல ஒண்ணை எடுத்துக்குங்க" என்று நான் கத்தினேன். "தெருத் தண்ணிதானே" என்றார்.

தெருத் தண்ணீர்தான். நடந்ததை நண்பர் எனக்குப் பிறகு சொன்னார், ரொம்ப நாள் கழித்து, தலையை நிமிர்த்தாமல். ஆற்றில் இரண்டு பாறைகளுக்கு நடுவே தண்ணீர் நுரையில்லாமல் நாக்கு மாதிரி வழவழவென்று இறங்கினால் அதுதான் வழி என்று அர்த்தமாம். ஆறு பழகியவர்களுக்கு அது கண்ணில் பட்டால் போதும், கை தானாக அந்தப் பக்கம் துடுப்பு போடும். ஒரு காலி மனையின் இரண்டு தூண்களுக்கு நடுவே தண்ணீர் அப்படித்தான் இறங்கியிருக்கிறது. பின்சுவர் இடிந்து, வெள்ளம் அந்த மனை வழியாகவே பாய்ந்துகொண்டிருந்தது. இவர் அந்த நாக்கில் படகை விட்டார். அடியில் கேட் பூட்டிக் கிடந்தது. கம்பி கேட். தண்ணீர் கம்பிக்குள் புகுந்து போகும், மனுஷன் போக முடியாது.

ஊசி மூக்கு கம்பிகளுக்கு நடுவே சொருகியது. வெள்ளம் பின்னால் ஏறி அமுக்கியது. ஃபைபர் முதுகு மடிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டது. தெருவில் வாழ்ந்த எவனும் அந்தத் தூண்களுக்கு நடுவே போயிருக்க மாட்டான். தூண் இருந்தால் கேட் இருக்கும் என்று பால்காரருக்குக்கூடத் தெரியும். ஆறு படித்தவருக்குத் தெரியவில்லை.

பின்னால் வந்த நண்பரின் படகும் அதே கேட்டில்தான் மோதியது. மழுங்கல் மூக்கு எகிறிப் பக்கவாட்டில் திரும்பித் தூணோடு ஒட்டிக்கொண்டது. முழங்காலைத் தூக்கி வெளியே வந்து சுவர்மேல் ஏறிவிட்டார். அங்கிருந்து இவருடைய கையைப் பிடித்து இழுத்தாராம். கை வந்தது, ஆள் வரவில்லை. "கடைசி வரைக்கும் புடிச்சிட்டுதான் இருந்தேன் அண்ணி." அவருக்குச் சின்னக் குழந்தை இருந்தது. அவர் பிழைத்தது எனக்குச் சந்தோஷம் என்று அன்று சொல்ல என்னால் முடியவில்லை, இன்றும் முழுசாக முடியவில்லை.

தண்ணீர் வடிந்ததும் ஃபைபர் படகை அறுத்து எறியச் சொன்னேன். எங்கள் மகள் கேட்கவில்லை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள் அப்போது. அப்பாவோடு சின்ன வயசிலிருந்து படகு ஓட்டியவள். உடைந்த மூக்கை வெட்டி மழுக்கினாள். வாயை அகலமாக அறுத்தாள். ரெசின் நாற்றம் வீடு முழுக்க அடித்தது. நான் ஷெட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்ட கதையெல்லாம் இப்படித்தான் நடந்திருக்கும் என்று புரிந்தது. எங்கோ ஒரு ஊரில் எவள் அப்பனோ செத்து, அவள் ரம்பத்தை எடுத்திருப்பாள். ஆனால் ஒட்டுப்போட்ட படகு ஒட்டுப்போட்டதுதான். முதுகில் கையை வைத்து அழுத்தினால் உள்ளே வாங்கியது.

அதற்கப்புறம் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் ஏறினால் மகள் கிளம்பினாள். அவளும் அந்த நண்பரும், புதுசாகச் சேர்ந்த இரண்டு பேரும். நாலு பேர், நாலு படகு. கூட்டத்தில் நன்றாக ஓட்டுகிறவள் இவள். ஒட்டுப்போட்ட ஃபைபர் யாருக்குப் போகும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

போன மழைக்காலத்தில் மறுபடி எச்சரிக்கை வந்தது. மகள் வேலையிலிருந்து வருவதற்குள் நான் ஷெட்டுக்குப் போனேன். ஹேக்ஸா பிளேடால் அந்தப் படகை நடுவில் அறுத்தேன். மதியம் பூராவும் ஆனது. கை முழுக்க ஃபைபர் தூள் ஏறி அரித்தது. எதிர்வீட்டு அக்கா வந்து, "இன்னாமா பண்ற, பேஜாரா போயிடப்போது, ஆம்பளைங்கள கூப்பிடேன்" என்றார். "யாரும் வேணாம்" என்றேன். இரண்டு துண்டாக விழுந்ததும்தான் மூச்சு வந்தது. நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை.

மகள் வந்து பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. துண்டுகளைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, மிச்சப் படகுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் தண்ணீர் ஏறியது. மூன்று படகையும் மற்ற மூன்று பேருக்குக் கொடுத்தாள். தான் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி, ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டாள்.

"நீ எதுல போகப் போற?" என்றேன்.

"நடந்து. முன்னாடி போய்க் கழியால குத்திக் குத்திப் பாக்கணும்மா. எங்க கேட் இருக்கு, எங்க மூடியில்லாத சாக்கடை இருக்குன்னு. அப்பதான் பின்னாடி வர்றவங்க மாட்ட மாட்டாங்க."

"உனக்கென்ன தலையெழுத்தா? புதுசா வந்தவன் ஒருத்தன் வீட்ல இருக்கட்டும். நீ படகுல போடி."

"அவங்களுக்கு நடக்கத் தெரியாதும்மா தண்ணில. படகுன்னா கொஞ்சம் பத்திரம்."

வாசலை மறித்து நின்றேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன், செத்தவரையும் சேர்த்துத் திட்டினேன். அவள் என் தோளைப் பிடித்து மெதுவாக ஓரம் நகர்த்திவிட்டுப் போனாள். சாயங்காலம் வரை நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை. இருட்டுவதற்கு முன்னால் வந்தாள், கால் விரலெல்லாம் ஊறி வெளுத்து, முழங்காலுக்குக் கீழே ஏதோ தகரம் கீறி. மருந்து போட்டுவிட்டேன்.

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பிப் போனதும் நண்பருக்கு நானே போன் போட்டேன். மழுங்கல் மூக்கில், இருப்பதிலேயே பெரிய வாய் உள்ளதாக, எங்கே கிடைத்தாலும் சரி, ஒரு படகு வாங்கித் தாருங்கள் என்றேன். அடுத்த மழைக்கு அவள் அதில்தான் போக வேண்டும்.

"வாங்கிடலாம் அண்ணி" என்றார். "ஆனா இந்த வாரம் இன்னொரு பொண்ணு சேர்ந்திருக்கு. உங்க பொண்ணு அதை அவளுக்குத்தான் குடுப்பா."

"அப்போ நீங்க ஒண்ணு பண்ணுங்க" என்று ஆரம்பித்தேன். என்ன செய்யச் சொல்வது என்று தெரியவில்லை.

"ரெண்டா வாங்குங்க" என்றேன்.